கடல் செத்துப் போச்சு!

போன் அடித்தது.

மேஜை மேல் கிடந்து, உடம்பை உதறி உதறி, விளிம்பு வரை நகர்ந்து வந்து அடித்தது.

திரையில் 'வீடு' என்று எழுதியிருந்தது.

எடுக்க வேண்டியவர் கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கீபோர்டின் மேல் கன்னத்தை வைத்து, அசந்து தூங்குகிற மாதிரி.

தூக்கமில்லை. தூங்குகிறவனுக்குப் பின்மண்டையில் அப்படி ஒரு பள்ளம் இருக்காது!

போன் ஓய்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தது. வீடு என்றால் விடுமா?

"யாராவது அதை எடுங்கய்யா..." என்றார் இன்ஸ்பெக்டர்.

அவருக்கு இடுப்பு வலி. முந்தின நாளெல்லாம் ஒரு நகைத் திருட்டுக்காக அலைந்துவிட்டு, விடிகிற நேரத்தில்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குள் இந்தக் கொலை. பிணங்களுக்கு இங்கிதமே கிடையாது.

ஏட்டு போனை எடுத்தார். கேட்டார். "நேர்ல வந்து சொல்றோம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்தார்.

"என்னய்யா?"

"இவரோட சம்சாரம் சார். நேத்துலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். வேலைல மூழ்கிட்டா போனை எடுக்க மாட்டார், அது பழகினதுதான்னு படுத்துட்டாங்களாம்..."

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் மனைவியின் அழைப்பு மூன்று கிடந்தது. வீட்டில் தண்ணீர் மோட்டார் படுத்துவிட்டது.

அறையைப் பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை. ஏ.சி. குளிர். சுவர் நீளத்துக்குக் கம்ப்யூட்டர்கள். செத்தவரின் எதிரே ஒரு பெரிய திரை. அதில் கறுப்புப் பின்னணியில் வரிசை வரிசையாகச் சிவப்புக் கோடுகள்.

தரையில், நாற்காலிக்குப் பின்னால், ஒரு ஏவுகணை கிடந்தது.

பயப்படாதீர்கள்! முழங்கை நீளப் பொம்மைதான். கெட்டி எஃகு. யாரோ பரிசாகக் கொடுத்தது. மரப்பீடத்தில் 'சிறந்த குழு' என்று பொறித்திருந்தது. பீடத்தின் மூலையில் ரத்தம்.

"கைரேகை?"

"துடைச்சிட்டாங்க சார். சுத்தமா."

"முதல்ல பார்த்தது யாரு?"

கதவோரம் நின்றிருந்த ஐம்பது வயதுக்காரர் கையைத் தூக்கினார். நரைத்த தலை. சட்டைப் பையில் மூன்று பேனா. கண்ணுக்குக் கீழே இரண்டு பை.

"நான்தான் சார். ரேடார்."

"என்னது?"

"ரேடார். இங்க எல்லாருக்கும் அப்படித்தான் பேரு. ரேடார் கணக்கை நான் எழுதறேன், அதனால நான் ரேடார். இவர் கடல்."

"கடலா?"

"அலை, நுரை, காத்து, எல்லாம் இவரோட கணக்கு. வெளில அழுதுக்கிட்டு நிக்குதே ஒரு பொண்ணு, அவங்க ஏவுகணை."

"அப்ப கப்பல் யாருய்யா?"

"கப்பல் போன வருஷமே வேலையை விட்டுப் போயிட்டார் சார். இன்னும் ஆள் போடல."

ஏட்டு பெருமூச்சு விட்டார். "கடல் செத்துப் போச்சு, கப்பல் ஓடிப் போச்சு... விளங்கிடும்!"

"யோவ், சும்மா இரு." இன்ஸ்பெக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் சாய்ந்தார். "இங்க என்னதான் பண்றீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் தூங்கி ரெண்டு நாளாச்சு."

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடல் சார். அதுல ஒரு கப்பல். கப்பல் மேல ஒரு ரேடார். தண்ணிய உரசற மாதிரி தாழ்வா ஒரு ஏவுகணை வரும். அதை ரேடார் எவ்வளவு தூரத்துல கண்டுபிடிக்குதுன்னு பார்ப்போம். சீக்கிரம் பார்த்தா கப்பல் சுட்டு வீழ்த்தும். லேட்டா பார்த்தா... செத்துடும். திரும்பத் திரும்ப ஓட்டுவோம். அதுக்குப் பேரு ரன். போன வாரம் மட்டும் ஆயிரம் ரன்."

"எத்தனை தடவை செத்தீங்க?"

"ஏழெட்டுத் தடவை இருக்கும்."

மழை வந்ததா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

"சரி. காலைல வந்தீங்க. பிணத்தைப் பார்த்தீங்க. உடனே எங்களைக் கூப்பிட்டீங்க. அப்படித்தானே?"

ரேடார் தரையைப் பார்த்தார்.

"உடனே இல்ல சார். அரை மணி நேரம் ஆச்சு..."

"அரை மணி நேரம் என்ன பண்ணீங்க?"

"அவரோட ரன் ஓடிக்கிட்டிருந்தது. முடியட்டும்னு உட்கார்ந்திருந்தேன்."

"பிணத்துக்குப் பக்கத்துலயா?"

"நடுவுல நிறுத்தினா அத்தனையும் வீணாயிடும் சார். அவருக்கே பிடிக்காது."

ஏட்டும் இன்ஸ்பெக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருட சர்வீஸில் இப்படி ஒரு பதிலை இருவரும் கேட்டதில்லை!

"இந்த ரூமுக்குள்ள யார் யார் வரலாம்?"

"நாங்க மூணு பேர்தான். கதவுல கார்டு தேய்க்கணும். இல்ல, உள்ள இருக்கறவங்க திறந்துவிடணும்."

"நேத்து சாயங்காலத்துக்கு மேல செத்தவர் கார்டு மட்டும்தான் பதிவாயிருக்கு சார்," என்றார் ஏட்டு. "அப்ப இவரே திறந்துவிட்டிருக்கார். தெரிஞ்ச ஆள்."

"வராண்டாவுல கேமரா இருக்கே?"

"அதை ஏன் கேக்கறீங்க..." ஏட்டு தலையில் கை வைத்தார். "கழுத்து முறிஞ்சு தொங்குது. தரையை மட்டும் பார்த்துக்கிட்டிருக்கு. நேத்து சாயங்காலத்துப் படத்தைப் பார்த்தேன். ஒரு அம்மா வந்து தரையைத் துடைச்சிட்டுப் போறாங்க. அப்புறம் வெறும் தரை. பளபளன்னு தரை. என் வீட்டுத் தரையைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்ல."

*

ஏவுகணை என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

நீலக் கோட்டு. தோளில் பை. முதுகில் நீளமாக ஒரு பின்னல். வராண்டா முனையில், கடலைப் பார்த்த பெரிய ஜன்னலருகே நின்றிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

வெளியே நிஜக் கடல். தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

"நீங்க நேத்து எப்ப கிளம்பினீங்கம்மா?"

"அஞ்சு மணிக்கே போயிட்டேன் சார். ஆபீஸ் வண்டில. வாசல்ல எல்லாரும் பார்த்தாங்க."

"செத்தவர் எப்படி?"

"தங்கமான மனுஷர்..." குரல் உடைந்தது. "என்னைப் பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டார். யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார்."

"விரோதம்?"

தயங்கினாள்.

"சொல்லுங்கம்மா."

"ரேடார் சாரோடதான் எப்பவும் சண்டை. இன்னிக்கு மூணு மணிக்கு நிஜக் கப்பல்ல டெஸ்ட் இருக்கு சார். நிஜமாவே ஒரு ஏவுகணையை விட்டுப் பார்க்கப் போறாங்க. வெடிமருந்து இருக்காது. ஆனாலும் வேகம் இருக்கே... 'எங்க ரேடார் பார்த்துடும்'னு கையெழுத்துப் போட்டது ரேடார் சார். கடல் சார், 'வேண்டாம், பொறு, இன்னும் பார்க்கணும்'னு சொல்லிக்கிட்டே இருந்தார்."

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் கொஞ்சம் கலைந்தது.

"ரேடார் பார்க்கலன்னா?"

"கப்பல் மேல விழும் சார். திருப்பிவிட ஒரு பட்டன் இருக்கு. ஆனா அதை எப்ப அழுத்தணும்னு ரேடார்தானே சொல்லணும்?" கண்ணைத் துடைத்தாள். "என் வீட்டுக்காரர் அந்தக் கப்பல்லதான் இருக்கார். ரேடார் முன்னாடி உட்கார்ற ஆளே அவர்தான்."

"அடக் கடவுளே! அப்ப டெஸ்டை நிறுத்தச் சொல்லுவோமா?"

"வேண்டாம் சார்." அவசரமாகச் சொன்னாள். பிறகு நிதானித்துக்கொண்டாள். "கடலைப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு! அலை இருந்தாத்தான் ஏவுகணை அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். இன்னிக்கு மாதிரி இருந்தா பயமே இல்ல. நானே வீட்டுக்காரருக்கு தைரியம் சொல்லித்தான் அனுப்பினேன்."

"நல்லது. நீங்க அந்த கேன்டீன்ல போய் உட்காருங்கம்மா. ஒரு டீ குடிங்க."

அவள் போனாள். பாவம், நடை தள்ளாடியது.

"கேஸ் முடிஞ்சு போச்சு சார்," என்றார் ஏட்டு காதருகே. "ரேடாருக்குக் கையெழுத்து. கடலுக்கு மறுப்பு. மண்டைல ஒரே போடு. மூணு பேனா வச்சிருக்கும்போதே எனக்கு சந்தேகம்..."

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. வீடு.

"மோட்டார் இன்னும் ஓடல," என்றாள் மனைவி. "எங்க இருக்கீங்க?"

"கடல்ல," என்றார் இன்ஸ்பெக்டர்.

*

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

பிணத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். படம் எடுக்கிறவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடார் அதே மூலையில், அதே சோர்வோடு, நாற்காலி கேட்காமல் நின்றிருந்தார்.

"அந்தச் சிவப்புக் கோடெல்லாம் என்ன?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அது... சும்மா சார்."

"சும்மா எதுக்குய்யா இத்தனை கோடு?"

ரேடார் உதட்டைக் கடித்தார்.

"ஒரு கோடு ஒரு ரன். பச்சைன்னா கப்பல் பிழைச்சது. சிவப்புன்னா செத்தது."

ஏட்டு எட்டிப் பார்த்தார். மேலே இருந்து கீழே வரை பார்த்தார்.

"சார்... பச்சையே இல்ல!"

இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார்.

"காலைல அரை மணி நேரம் உட்கார்ந்து நீங்க பார்த்தது இதைத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர் மெல்ல. "பார்த்துட்டு எங்ககிட்ட வாயே திறக்கல. ஏன்? உங்க ரிப்போர்ட் தப்புன்னு இவர் நிரூபிச்சிட்டார். அதான் போட்டுத் தள்ளிட்டீங்க!"

ரேடார் சிரித்தார். சிரிப்பு என்று அதைச் சொல்லவும் முடியாது.

"சார், பதினெட்டு வருஷமா நான் இவரோட சண்டை போடறேன். காலைல எழுந்திருக்கறதே அதுக்குத்தான். இவரைக் கொன்னுட்டு நான் யாரோட சண்டை போடறது?"

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். பொய் சொல்கிறவர்கள் முதலில் கையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். இந்த ஆளின் கை இரண்டும் செத்தவரின் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தன.

"நேத்து சாயங்காலம் எனக்கு நாலஞ்சு தடவை போன் பண்ணார்," என்றார் ரேடார். "நான் எடுக்கல. சண்டைதானே, காலைல போட்டுக்கலாம்னு இருந்துட்டேன்..."

மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சொல்ல வந்தார்?"

"இதைத்தான். இது கண்ணாடிக் கடல் ரன். அலையே இல்லாத கடல்."

"அலை இல்லன்னா நல்லதுதானே?"

"யார் சொன்னா?"

"நல்லதில்லையா?"

"மோசம் சார்! அலை இருந்தா ஏவுகணை கூட்டத்துல ஒளியற திருடன் மாதிரி. தேடிப் பிடிச்சிடலாம். அலையே இல்லன்னா கடல் ஒரு கண்ணாடி. ஏவுகணைல பட்டு ரேடாருக்கு நேரா வர்ற சிக்னல் ஒண்ணு. தண்ணில பட்டு எகிறி வர்றது இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு அழிச்சுக்கும். திரைல ஒண்ணுமே இருக்காது. இல்லன்னா கடலுக்குக் கீழ இன்னொரு ஏவுகணை தலைகீழா வர்ற மாதிரி காட்டும். நிஜம் எது, நிழல் எதுன்னு ரேடார் முழிக்கும். முழிச்சு முடிக்கறதுக்குள்ள..."

கையால் மேஜையைத் தட்டினார். முடிந்தது என்கிற மாதிரி.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க எப்படிய்யா கையெழுத்துப் போட்டீங்க?"

ரேடாரின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது.

"அந்தப் பிரதிபலிப்பைச் சேர்த்தா நாப்பது ரன் ஓட்ட ராத்திரி பூரா ஆகும் சார். எடுத்துட்டா, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்த நாப்பதும் முடிஞ்சிடும். அவசரத்துக்கு ஒரு நாள் ஆஃப் பண்ணேன்."

"அப்புறம்?"

"ஆன் பண்ண மறந்துட்டேன்."

"எப்ப ஆஃப் பண்ணீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"டெஸ்டை நிறுத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "உடனே!"

"நான் சொன்னாத்தான் நிறுத்துவாங்க. சொன்னா ரெண்டு வருஷ ரிப்போர்ட் அத்தனையும் பொய்யாயிடும். என் வேலை போயிடும். ஒருவேளை இவர் கணக்குதான் தப்போ என்னவோ... நிஜக் கடல்ல கொஞ்சமாவது அலை இருக்கும்... காலைலேர்ந்து எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கிட்டு நிக்கறேன் சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். இடுப்பு சுளீரென்றது. போய்த் துணியை விலக்கினார்.

"உங்க கம்ப்யூட்டர்ல கப்பல் செத்தா என்ன பண்ணுவீங்க?"

"ரீசெட்..."

"இவரை ரீசெட் பண்ணுங்க. பார்ப்போம்."

ரேடார் பார்த்தார். கீபோர்டின் மேல் கன்னம் பதிந்த அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு போனை எடுத்தார். நம்பரை அழுத்தினார். "டெஸ்டை நிறுத்துங்க... ஆமா, நான்தான்... தப்பு என்னோடதுதான். காரணம் எழுதி அனுப்பறேன். முதல்ல நிறுத்துங்க!"

வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"தலைகீழா இன்னொண்ணு..."

"என்ன சார்?"

"யோவ் ஏட்டு! அந்த கேமரா! தரை பளபளன்னு இருந்துச்சுன்னு சொன்னியே!"

*

மறுபடி அதே படம்.

துடைத்த தரை. ஈரம். விளக்கு வெளிச்சம் அதில் நீளமாகக் கிடந்தது. யாருமில்லை. கேமராவின் கண் அறைக் கதவு வரை எட்டவே இல்லை.

"வெறும் தரைதான் சார்..."

"தரையைப் பார்க்காதே. தரைக்குள்ள பாரு!"

ஏட்டு கண்ணைச் சுருக்கினார்.

ஈரத் தரைக்குள் ஒரு கதவு தலைகீழாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கதவருகே ஓர் உருவம் வந்தது. அதுவும் தலைகீழ். கேமராவின் பார்வைக்கு அப்பால் நடந்த கால்கள் படத்தில் இல்லை. ஆனால் தரைக்குள் பிம்பம் இருந்தது. கதவைத் தட்டியது. கதவு திறந்தது. உள்ளே போனது.

பிறகு வெளியே வந்தது. வேகமாக.

திரும்பும்போது முதுகு தெரிந்தது. தோளில் ஒரு பை.

பின்னால்... வானத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு நீளப் பின்னல்!

"அடிப் பாவி..." என்றார் ஏட்டு.

*

கேன்டீனில் அவள் முன்னால் டீ ஆறிப் போயிருந்தது.

எதிரே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்த அவருக்குத் தெம்பில்லை.

"அமைதியான கடல் நல்லதுன்னு சொன்னீங்க. உங்க வேலைல இருக்கற ஒருத்தர் அப்படிச் சொல்ல மாட்டாங்களாமே! அதுவும் புருஷனை அந்தக் கப்பல்ல வச்சுக்கிட்டு."

அவள் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"வாசல்ல எல்லாரும் பார்க்க வண்டில ஏறினீங்க. அப்புறம் திரும்பி வந்திருக்கீங்க. உங்க பின்னல் தரைல தெரிஞ்சுது."

அவள் கை தானாகப் பின்னால் போய்ப் பின்னலைத் தொட்டது. பிறகு மடியில் விழுந்தது.

"அவர்தான் போன் பண்ணி வரச் சொன்னார்," என்றாள். அழுகை நின்று போயிருந்தது. குரலில் அலுப்பு மட்டும். "'உன் வீட்டுக்காரன் நாளைக்கு அந்தக் கப்பல்ல போறான்மா. ரேடார் போனை எடுக்க மாட்டேங்கறான். உன்கிட்டயாவது சொல்லணும்'னார். பதறிட்டார் சார். என் புருஷனுக்காக!"

"நீங்க?"

"எனக்கு ஒரு வாரமாவே தெரியும். ரேடார் சார் பிரதிபலிப்பை ஆஃப் பண்ணி வச்சிருக்கறதைப் பார்த்துட்டேன். டெஸ்ட் நாள்ல காத்து இருக்காது, கடல் அசையாதுன்னு வானிலைல சொன்னாங்க. நான் ஒண்ணுமே பண்ணல சார். பேசாம இருந்தேன். அவ்வளவுதான்."

"ஏன்?"

"வருஷத்துல எட்டு மாசம் அவர் கடல்ல. நாலு மாசம் வீட்டுல." டீயின் மேல் படிந்த ஆடையைப் பார்த்தாள். "அந்த நாலு மாசத்தை என்னால தாங்க முடியல. எங்க போனே, யாரோட பேசினே, ஏன் பத்து நிமிஷம் லேட்டு... பாத்ரூம்ல இருந்தாக்கூட கதவைத் தட்டிக் கேப்பார். கடல்ல இருந்தா போன்ல கேப்பார். பதிமூணு வருஷம். அடிச்சா காயத்தைக் காட்டலாம். இதை யார்கிட்ட காட்டறது? எனக்கு அலுத்துப் போச்சு சார்... செத்துப் போற அளவுக்கு அலுத்துப் போச்சு."

"விட்டுட்டுப் போயிருக்கலாமே?"

"ரெண்டு தடவை போனேன். கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டார். அவர் வேலையே அதுதானே?"

ஏட்டு தொண்டையைச் செருமினார். இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சரி, புருஷன். மத்தவங்க? அந்தக் கப்பல்ல தொண்ணூறு பேரும்மா!"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிற முகம்.

"தினமும் கப்பலைக் கொல்றோம் சார். சாகும். ரீசெட் பண்ணுவோம். திரும்பவும் சாகும். ஒரு தடவைகூட அதுக்குள்ள யாருக்கும் மூஞ்சி இருந்ததில்ல..."

நிறுத்தினாள்.

"கடல் சாருக்கு இருந்துச்சு. 'நானே கப்பலுக்குப் போன் பண்றேன்'னு திரும்பினார். பக்கத்துல அந்தப் பரிசு இருந்துச்சு. நான் எடுத்தேன்னே எனக்கு ஞாபகமில்ல. அவரை மட்டும் நான்..." முகத்தை மூடிக்கொண்டாள். "அவரை மட்டும் கொன்னிருக்கக் கூடாது."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். கப்பலின் கேப்டனைக் கூப்பிட்டார்.

"டெஸ்டை நிறுத்தியாச்சு சார். எல்லாரும் பத்திரம்."

"உங்க ரேடார் ஆபரேட்டர்கிட்ட பேசணும். குடும்ப விஷயம்."

"அவர் ஏறவே இல்லையே! பல் வலின்னு காலைலயே லீவு சொல்லிட்டார். அவருக்குப் பதிலா ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருக்கான். கல்யாணமாகி ரெண்டு மாசம்தான் ஆகுது. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்..."

போனின் குரல் மேஜைக்கு இந்தப் பக்கமும் கேட்டிருந்தது.

அவள் அசையவில்லை. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போனது. "புதுப் பையனா...?" என்றாள். அதற்கப்புறம்தான் உண்மையாக அழுதாள். காலையிலிருந்து அழுததெல்லாம் சும்மா என்று இப்போது தெரிந்தது.

அப்போது அவள் பைக்குள் போன் அடித்தது.

'வீட்டுக்காரர்'.

"எடுக்காதீங்க சார்..."

இன்ஸ்பெக்டர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏய், எங்க இருக்கே? பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்து எவ்வளவு நேரமா வாசல்ல நிக்கறேன்! வீடு பூட்டியிருக்கு! யாரோட இருக்கே?"

"போலீஸோட," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு கொலைக் கேஸ்ல உங்க மனைவியைக் கைது பண்ணியிருக்கோம்."

மறுமுனையில் பூட்டை ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"எப்ப வருவா?"

"பதினாலு வருஷம் ஆகலாம்."

"அதெல்லாம் சரி சார்... சாவியை எங்க வச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க. ராத்திரிச் சாப்பாடு வேற இருக்கு!"

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். வெளியே கடல் இன்னும் அசையவில்லை.

"சார்," என்றார் ஏட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டே. "அந்த ஏவுகணையை நாம நிறுத்தியிருக்கவே வேண்டாம்... அட்ரஸை மட்டும் மாத்திக் கொடுத்திருந்தா போதும்!"